லேயாளை யாரும் கேட்கவில்லை

எங்கள் சபை வாலிபர்கள் இப்போது வேதக் கதைகளை ரீல்ஸாகப் போடுகிறார்கள். போன வாரம் வீட்டுக்கு வந்து ஒன்றைக் காட்டினார்கள். மீன் வயிற்றுக்குள் யோனா உட்கார்ந்திருக்கிறான். கையில் போன். அதைத் தலைக்கு மேலே தூக்கித் தூக்கி, "ஒரு புள்ளிகூட டவர் காட்டலையே ஆண்டவரே" என்று புலம்புகிறான். நான் சிரித்த சிரிப்பில் என் வீட்டம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்துவிட்டாள்.

"ஐயா கோவப்படுவீங்கன்னு பயந்துகிட்டே வந்தோம்" என்றார்கள்.

"நான் எதுக்குடே கோவப்படப் போறேன்? பென்ஷன் வாங்குற வரைக்கும் நானும் இதத்தான் செஞ்சேன். உங்க கையில போன் இருக்கு. எனக்குத் தொண்டை மட்டுந்தான் இருந்துச்சு" என்றேன்.

அப்போது அவர்களில் ஒரு பிள்ளை கேட்டாள்: "சிரிக்க வைக்கப் போயி உங்களுக்கு ஏதாவது வம்பு வந்திருக்கா ஐயா?"

வந்திருக்கிறது. வேலையே போகும் என்று நினைக்கிற அளவுக்கு வந்திருக்கிறது. அன்றைக்குக் காப்பி ஆறிக்கொண்டிருந்ததால் பாதிதான் சொன்னேன். முழுசையும் இங்கே எழுதுகிறேன்.

நான் உபதேசியாராக வேலை பார்த்தவன். வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பேர் விளங்காது. ஒரு சேகரம் என்றால் டவுனில் ஒரு பெரிய கோவில், அதாவது சர்ச், சுற்றிலும் உள்ள ஊர்களில் ஓடு போட்ட சின்னச் சின்னக் கோவில்கள். எங்கள் டவுன் சங்கரன்கோவில். குருவானவர் ஒருவர்தான். எங்கள் பக்கம் அவரை ஐயர் என்போம். அவரால் எல்லா ஊருக்கும் எல்லா ஞாயிறும் போக முடியாது. அவர் போகாத இடத்தில் ஆராதனை நடத்துவது, சுகமில்லாதவர்களைப் பார்ப்பது, கலியாண ஓலை வாசிப்பது, புருஷன் பெண்சாதி சண்டையில் நடுவில் நின்று இரண்டு பேரிடமும் ஏச்சு வாங்குவது, இதெல்லாம் உபதேசியார் வேலை.

அதற்கு முன்னால் நான் விசைத்தறி ஓட்டினேன். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. தறிக்கூடத்துச் சத்தத்தில் பேசிப் பழகினவனுக்கு இரண்டு விஷயம் தன்னால் வரும். ஒன்று, குரல். இன்னொன்று, முகம். காதில் விழாததை முகத்தைப் பார்த்துத்தான் பக்கத்துத் தறிக்காரன் புரிந்துகொள்வான். என் பேச்சைக் கேட்ட ஒரு ஐயர், "இந்த மனுஷனை நூலோடு விட்டுவிடக் கூடாது" என்று சொல்லி ஒரு பயிற்சிக்கு அனுப்பினார். அங்கே நிறையச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது பஸ்ஸில்தான். குருவிகுளம் பஸ், திருவேங்கடம் பஸ், இந்த இரண்டிலும் ஜன்னலோரம் உட்கார்ந்து சனங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே போவேன். என்ன பேச்சு! ஒருநாள் ஒரு அம்மா தன் மருமகனைப் பற்றிச் சொன்னாள்: "அவுக பேசுனா ரேடியோ மாதிரி. நம்ம சொல்லுதது அங்கன கேக்காது." அன்றைக்குச் சாயங்காலமே அதைக் கதையில் எகிப்து ராஜா பார்வோனுக்கு வைத்துவிட்டேன்.

என் வழி இதுதான். வேதப் பகுதியைச் சத்தமாகப் பலமுறை வாசிப்பேன். அதில் யார் யாருக்கு என்ன உறவு என்று பார்ப்பேன். மாமனா, மச்சினனா, சித்தியா? நம் ஊரில் உறவு சொல்லாமல் கதை நகராது. பிறகு அன்றைக்கு அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள், வாசலில் என்ன கட்டிக் கிடந்தது, மழை உண்டா வெயிலா என்று பார்ப்பேன். பேரைக் கடைசியில்தான் சொல்வேன். 'ஒரு ஆளு' என்று ஆரம்பித்தால், "யாருவே அந்த ஆளு?" என்று அவர்களாகவே கேட்பார்கள். கேட்ட பிறகு சொன்ன பேர் மறக்காது. நடந்ததை மாற்ற மாட்டேன். நடந்த விதத்தைத்தான் நம்ம ஊராக்குவேன்.

மானாவாரிக் கரிசல் காட்டில் நோவா கதை சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? நாற்பது நாள் விடாத மழை என்றதும் ஒரு பெரியவர் எழுந்து, "அதுல ஒரு ரெண்டு நாளு மழையை இந்தப் பக்கம் தள்ளிவிட்டா ஆண்டவருக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்றார். எகிப்திலிருந்து தப்பி வந்த சனத்துக்கு நாற்பது வருஷம் வானத்திலிருந்து மன்னா என்ற அப்பம் விழுந்த கதையில் ஒரு பெண், "நாப்பது வருசமும் ஒரே டிபனா? எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு நாளு சேந்தாப்புல உப்புமா போட்டா எகிப்துக்கே போயிருவாரு" என்றாள். இதையெல்லாம் மனசில் போட்டுக்கொண்டு அடுத்த ஊரில் எடுத்து விடுவேன். எனக்குப் பெரிய ஞானம் ஒன்றும் கிடையாது. ஒரு ஊர்ச் சிரிப்பை இன்னொரு ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவன், அவ்வளவுதான்.

என்னுடைய கடைசி ஐயர் சிரிக்க மாட்டார். ஒல்லியான, உயரமான மனிதர். எதைச் சொன்னாலும் முதலில், "உட்காரும்" என்பார். கோபத்தோடு வந்தவரையும் அப்படித்தான். உட்கார்ந்ததும் தண்ணீர் கொடுப்பார். குடித்து முடிக்கும்வரை பேச மாட்டார். பிறகு, "முதல்லேருந்து சொல்லும்" என்பார். நடுவில் 'ம்' கூடப் போட மாட்டார். சொல்லி முடித்தவருக்குத் தன் கோபமே பாதி தேவையில்லாதது போலத் தோன்றிவிடும். முறை என்றால் முறை. ஆராதனைப் புத்தகத்தில் நிற்கவும் என்று போட்டிருந்தால், முழங்கால் வலிக்காரரும் நிற்கத்தான் வேண்டும். என் கதையை ஒருதரம் பின்வரிசையில் இருந்து கேட்டுவிட்டு, "உபதேசியாரே, சனம் சிரிக்கிறது தப்பில்லை. சிரிப்பு யார் தலையில விழுதுன்னு மட்டும் பார்த்துக்கிடும். மேல இருக்கிறவன் தலையில விழுந்தாத் தாங்குவான்" என்றார். அதற்குப் பிறகு ஏரோது ராஜாவும் மாமனார் லாபானும் என்னிடம் பட்டபாடு கொஞ்சமல்ல.

இனி அந்த வம்புக்கு வருகிறேன்.

குருவிகுளம் பக்கம் ஒரு ஊர். கோவில் சின்னது. உள்ளே பாய் விரித்து நாற்பது பேர் உட்காரலாம். வெளியே வேப்பமரத்தடியில் ஆட்டுக்காரர்கள் சிலர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் நம் சபை கிடையாது. கதைக்காக வருகிறவர்கள். காணிக்கைப் பை வெளியே வராது என்று தெரிந்து நிம்மதியாக இருப்பார்கள்.

அந்த ஊரில் ஞானமுத்து அண்ணாச்சி என்று ஒருவர். பருத்தியும் உளுந்தும் போடுகிற சம்சாரி. நல்ல மனிதர், நாக்குதான் முள். அவருக்கு ஒரே மகள், பியூலா. சின்னப் பிள்ளையாக இருக்கும்போது காட்டில் பருத்திமாரு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். காய்ந்த செடிக்குச்சி ஒன்று தெறித்து வலது கண்ணில் குத்திவிட்டது. அந்தக் கண்ணில் பார்வை போய்விட்டது. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நல்ல கறுப்புக் கண். வீட்டில் தையல் மிஷின் போட்டு ஊருக்கே ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள்.

அவளுக்குச் சிவகிரியில் மாப்பிள்ளை அமைந்தது. ஸ்டீபன் என்று பேர். மோட்டார் பம்ப் ரிப்பேர் செய்கிற பையன். அப்பா இல்லை. அம்மா செல்லக்கனிதான் எல்லாம். பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், பிடித்துவிட்டது, பூ வைத்தார்கள். கண் விஷயத்தை ஞானமுத்து அண்ணாச்சி சொல்லவில்லை. ஊரும் சொல்லவில்லை. ஊர் சொல்லாததற்குக் காரணம் பாசம்தான். அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே இரண்டு இடம் இதனாலேயே தட்டிப் போயிருந்தது. இந்த முறை அந்த ஊரில் பேசத் தெரியாத குழந்தையிலிருந்து பேச்சை நிறுத்தாத கிழவர்வரை ஒரே வாயாக மூடிக்கொண்டார்கள்.

அண்ணாச்சி என்னிடம் வந்தார். "உபதேசியாரே, சிவகிரிக்காரவுக உம்மகிட்ட வந்து விசாரிச்சா, நல்ல குடும்பம்னு மட்டும் சொல்லிப்புடும்."

"நல்ல குடும்பந்தான், தாராளமாச் சொல்லுதேன். கண்ணைப் பத்திக் கேட்டா?"

"கேக்க மாட்டாக வே. கண்ணு இருக்கான்னு யாராச்சும் கேப்பாகளா?"

"கேட்டாப் பொய் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. நீங்களே சொல்லிருங்க. இப்ப சொன்னா அது சேதி. தாலி ஏறின பொறவு தெரிஞ்சா அது ஏமாத்து."

"உமக்கு மக இல்ல. அதான் வாய் இவ்வளவு நீளுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு மகள் இல்லைதான்.

கலியாண ஓலை என்பது எங்கள் சபைகளில் பழைய வழக்கம். கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, பெண் வீட்டுக் கோவிலிலும் மாப்பிள்ளை வீட்டுக் கோவிலிலும், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது என்று வாசிக்க வேண்டும். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு ஒரு மூச்சு நிறுத்த வேண்டும். அந்த மூச்சில் பெண்ணுக்கு வெட்கம், அம்மாவுக்கு நடுக்கம், பின்னால் உட்கார்ந்திருக்கிற இளவட்டங்களுக்குச் சிரிப்பு. அதுவரை அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்பதற்கென்றே உள்ள கேள்வி என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பியூலாவுக்கு முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாம் ஓலை வாசிக்கப் போகிற வாரம் எனக்குப் பகீரென்றது. அந்த ஊரில் வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஏசாவின் கூழ் முடிந்து, யாக்கோபு வீட்டை விட்டு ஓடி, கனவில் ஏணியும் பார்த்தாயிற்று. அடுத்து வருவது லாபான் வீட்டுக் கலியாணம். மூத்தவள் லேயாளுக்குக் கூச்சப்பார்வை. இளையவள் ராகேல் அழகி. இளையவளைக் கேட்டவனுக்கு முக்காடு போட்டு மூத்தவளைக் கட்டி வைத்த கதை.

சனிக்கிழமை ஐயரிடம் போனேன். உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். முதலிலிருந்து சொன்னேன். "இந்த வாரம் மட்டும் தாவீது கோலியாத்துன்னு தாண்டிப் போயிரட்டுமா ஐயா?"

அவர் டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். "வரிசையில என்ன வருதோ அதைச் சொல்லும். ஆளைப் பார்த்து ஒரு கதையைச் சொல்றதும் தப்பு, ஆளைப் பார்த்து ஒரு கதையை விடுறதும் தப்பு."

சொன்னேன். இரண்டாம் ஓலை வாசித்து, பாட்டுப் பாடி, கதைக்கு வந்தேன். யாக்கோபுக்கு லாபான் தாய்மாமன் என்றதும் கோவிலே நிமிர்ந்து உட்கார்ந்தது. மாமன் மகளைக் கேட்கிறான், முறைப்பெண்தான், இதில் என்ன தப்பு என்று எல்லார் முகத்திலும் ஒரு ஒப்புதல். கட்டிக் கொடுக்க ஏழு வருஷம் ஆடு மேய்க்கச் சொன்னான் மாமன் என்றேன். வேப்பமரத்தடியிலிருந்து ஒரு குரல்: "கூலி?"

"கூலி கெடையாது. பொண்ணுதான் கூலி."

"ஆடு செத்தா யாரு கணக்கு?"

"மருமகன் கணக்கு."

"அவன் எந்த ஊருக்காரன்வே? நம்ம பக்கமா வந்தா ரெண்டு கேள்வி கேக்கணும்."

கலியாணச் சாப்பாடு, மேளம், லாபான் பந்தியில் நின்று 'இன்னும் கொஞ்சம் குழம்பு போடுங்க மாப்பிள்ளைக்கு' என்று உபசரிப்பது, இருட்டு, முக்காடு, விடிந்ததும் யாக்கோபு போட்ட கூச்சல். "மாமா, கோழியக் காட்டிக் குருவியக் குடுத்திட்டீரே" என்று நான் தலையில் கைவைத்தபோது கோவில் சிரித்துக் குலுங்கியது. மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது எங்க ஊர் வழக்கமில்லை என்று லாபான் சொன்ன இடத்தில் பெண்கள் பக்கம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. "அது நாயந்தான" என்று ஒரு கூட்டம். "நாயம்னா மொதல்லயே சொல்லணும்" என்று ஒரு கூட்டம். சொன்ன பிறகுதான் சொன்னவளுக்கு உறைத்தது. சத்தம் சட்டென்று அடங்கியது. ஞானமுத்து அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்து பாயைச் சுருட்டும்போது பியூலா வந்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"உபதேசியாரே, ஒண்ணு கேக்கட்டா? அந்த முக்காட்டுக்குள்ள இருந்த லேயாள் ஏன் வாயத் தெறக்கல? 'நான் ராகேல் இல்ல'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

நான் யோசித்தேன். "அவ ஏதாவது சொன்னதா அந்த இடத்துல எழுதலை தாயி."

"அவளை யாரும் கேட்டதா எழுதியிருக்கா?"

"அதுவும் இல்ல."

"அப்பச் சரி" என்றாள். போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலை. வாசித்தேன். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றேன். அந்த ஒரு மூச்சு நிறுத்தினேன். பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் பியூலா எழுந்து நின்றாள்.

"எனக்குத் தெரியும்."

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எனக்கும்தான். அவளே பேசினாள்.

"எனக்கு வலது கண்ணு தெரியாது. இங்க எல்லாருக்கும் தெரியும். மாப்பிள்ள வீட்டுக்குத் தெரியாது. அவுககிட்டச் சொல்லணும். சொன்ன பொறவு அவுகளுக்கு இஷ்டம்னா நடக்கட்டும்."

"ஏட்டி! உக்காரு!" அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

"லேயாளை யாரும் கேக்கலப்பா. என்னைய மூணு வாரமாக் கேக்காக. பதில் சொல்லாம எப்படி இருக்க?"

அண்ணாச்சி அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "கத சொல்லுதேன் கத சொல்லுதேன்னு எம் பிள்ள தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்டீரேவே! உம்ம வேலையை நான் பாத்துக்கிடுதேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பியூலா மட்டும் நின்றுகொண்டே இருந்தாள்.

முறைப்படி, தடை சொல்லப்பட்டால் ஓலை அங்கே நின்றுவிடும். ஐயர் விசாரித்து முடிவு சொல்லும்வரை கலியாணம் இல்லை. அதைச் சொன்னேன். ஆசீர்வாதம் கூறினேன்.

அன்றைக்குச் சாயங்காலமே அண்ணாச்சி சங்கரன்கோவிலுக்கு வந்து ஐயர் வீட்டில் நின்றார். நானும் அங்கே இருந்தேன். "உட்காரும்" என்றார் ஐயர்.

"உக்கார வரல! இவர மாத்தணும். வேதத்தக் கூத்தாக்கி வச்சிருக்காரு."

"உட்காரும்."

உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். பெண் பார்க்க வந்த நாள்வரை வந்ததும் பேச்சு தடுமாறியது. "மூணாவது எடம் ஐயா. இதுவும் போச்சுன்னா பிள்ளைக்கு யாரு வருவா? நான் என்ன கெட்ட எண்ணத்திலயா மறைச்சேன்?" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெரிய மனிதர் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ஐயர் அவர் அழுது முடிக்கட்டும் என்று இருந்தார். பிறகு, "நாளைக்குச் சிவகிரிக்கு நான் போறேன். இதைத் தூது விட்டுச் சொல்லக்கூடாது. உபதேசியாரே, நீரும் வாரும்" என்றார்.

நான் எதற்கு என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

மறுநாள் பஸ் ஏறிச் சிவகிரிக்குப் போனோம். செல்லக்கனி அம்மா வீட்டு முன்னறையில் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டார். ஸ்டீபன் கையில் கிரீஸோடு வாசலில் நின்றான். ஐயர் சுற்றி வளைக்கவில்லை. "பெண்ணுக்கு வலது கண்ணில் பார்வை கிடையாது. சின்ன வயசில் அடிபட்டது. உங்களிடம் மறைத்திருக்கிறார்கள். நேற்று ஓலை வாசிக்கையில் அந்தப் பெண்ணே எழுந்து சொல்லிவிட்டாள்."

சுளகு தரைக்கு வந்தது.

"பொண்ணேவா சொன்னா?"

"பெண்ணே."

"சபைக்கு மத்தியிலயா?"

"ஆமா."

"அவளுக்கு யாரு அந்தப் புத்தி குடுத்தது?"

ஐயர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "இவர் ஒரு கதை சொன்னார்" என்றார் ஐயர்.

"அந்தக் கதையை எனக்குச் சொல்லும் பாப்போம்."

கலியாணம் நிற்கப்போகிற வீட்டில் உட்கார்ந்து கதை சொல்வதா? ஐயர் என் பக்கம் குனிந்து, "சொல்லும். சிரிப்பைக் குறைக்காமச் சொல்லும்" என்றார்.

என் வாழ்நாளில் அவ்வளவு சின்னக் கூட்டத்துக்கு அவ்வளவு பயந்து நான் கதை சொன்னதில்லை. முதலில் குரல் எழவில்லை. லாபான் பந்தியில் வந்து நின்றதும் கொஞ்சம் சூடு பிடித்தது. அந்த அம்மா சும்மா கேட்கிறவர் இல்லை.

"விடியிற வரைக்குமா ஆளு அடையாளம் தெரியல அவனுக்கு? நல்லாக் குடிச்சிருப்பான்."

"எழுதலை அம்மா."

"எழுதணுமாக்கும். பொறவு?"

இளையவளையும் கட்டினான், இன்னும் ஏழு வருஷம் உழைத்தான் என்றேன்.

"மூத்தவ என்ன ஆனா? அதச் சொல்லும். எல்லாரும் சின்னவளையே பாக்காக."

"ஆறு மகன், ஒரு மக பெத்தா."

"ஏழா! கூச்சப்பார்வையோடவா?"

"ஆமா. ராஜா வம்சமே அவ மகன் யூதா வழியாத்தான் வந்துச்சு. ராகேலைப் போற வழியில அடக்கம் பண்ணினாங்க. குடும்பக் கல்லறையில யாக்கோபுக்குப் பக்கத்துல கடைசியில படுத்தது லேயாள்தான்."

அந்த அம்மா சுளகை மடியில் எடுத்து வைத்தார். நான் ஐயரைப் பார்த்தேன், ஐயர் சுவரைப் பார்த்தார். வாசலில் நின்ற ஸ்டீபன்தான் வாயைத் திறந்தான்.

"எம்மா, மறைச்சது அவ அப்பா. சொன்னது அவ."

"எனக்குத் தெரியும்லே. நீ போய்க் கையக் கழுவு." பிறகு ஐயரிடம், "நாளைக்கு நாங்க வாரோம் ஐயா. பொண்ணுகிட்டப் பேசணும். அந்த லாபான்கிட்டயும் பேசணும்."

எனக்கு மூச்சு வந்தது. பாதி மூச்சுதான். அந்த அம்மா என்ன பேசப் போகிறார் என்று யாருக்குத் தெரியும்?

மறுநாள் நானும் அண்ணாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். செல்லக்கனி அம்மா அந்த 'லாபானி'டம் பேசியது தெருவுக்கே கேட்டது. "ஏன் அண்ணாச்சி, கெணத்து மோட்டாரு வாங்குனாக்கூட எங்கன அடிபட்டிருக்குன்னு சொல்லித்தான விப்பாக? பிள்ளையக் குடுக்கும்போது மறைப்பீகளோ? நான் என்ன பூச்சாண்டியா?" ஞானமுத்து அண்ணாச்சி துண்டைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டார். "தப்புதான் மதினி" என்றார். அவ்வளவுதான்.

பிறகு அந்த அம்மா தையல் மிஷின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டு எப்படிட்டி தைக்கே? ஊசியில நூலு கோத்துருவியா?"

பியூலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நூலு கோக்கும்போது எல்லாரும் ஒரு கண்ண மூடத்தான அத்தை செய்யிதாக? எனக்கு அந்த ஒரு வேல மிச்சம்."

செல்லக்கனி அம்மா அவளையே பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மிஷின் பலகையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அடுக்களைக்குள் அழுதுகொண்டிருந்த பியூலாவின் அம்மாவும் சேர்ந்து சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. இரண்டையும் மறைக்க வெளியே போய்க் கோவில் வேப்பமரத்தடியில் நின்றேன். ஆட்டுக்காரர் ஒருவர், "என்னவே, முடிஞ்சுதா?" என்றார். "முடிஞ்சுது" என்றேன். "பழுதில்லாமலா?" என்றார். "பழுதச் சொல்லித்தான் முடிஞ்சுது" என்றேன்.

அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலையை மறுபடி வாசித்தேன். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று நிறுத்தியதும் கோவில் முழுக்கப் பியூலாவைத் திரும்பிப் பார்த்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பின்னாலிருந்து ஒரு பெரியவர், "மேல வாசியும் உபதேசியாரே, மனசு மாறிறப் போறா" என்றார்.

கலியாணம் சங்கரன்கோவில் பெரிய கோவிலில் நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து நின்றார்கள். முறைப்படி மாப்பிள்ளைக்கு இடது பக்கம் பெண் நிற்க வேண்டும். அப்படியென்றால் மாப்பிள்ளை நிற்பது பெண்ணுக்கு வலது பக்கம், பார்வை இல்லாத பக்கம். ஆராதனை தொடங்குவதற்கு முன்னால் ஸ்டீபன் ஐயரிடம் மெதுவாகச் சொன்னான். நான் பக்கத்தில் ஜெபப் புத்தகத்தோடு நின்றதால் கேட்டது.

"ஐயா, நாங்க எடம் மாறி நிக்கட்டுமா? இந்தப் பக்கம் நின்னா அவளுக்கு என்னைத் தெரியாது."

முறை என்றால் முறை என்கிற மனிதரிடம் போய் இதைக் கேட்கிறானே! ஐயர் புத்தகத்தைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடாமலே, இரண்டு விரலால் சைகை காட்டினார். இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். பியூலா முகத்தைத் திருப்பாமலே, பக்கத்தில் நிற்கிறவனைப் பார்த்துவிட்டாள்.

போட்டோக்காரத் தம்பி பதறிப்போய்க் கேமராவை இறக்கினான். "ஐயா, பொண்ணும் மாப்பிள்ளையும் பக்கம் மாறி நிக்காக!"

முன்வரிசையிலிருந்து செல்லக்கனி அம்மாவின் குரல் வந்தது.

"நீ படத்தை எடுடே. நிக்கிறவுகளுக்குத் தெரியும்."